முயலின் பாஷை

யுத்தம் முடிந்து எட்டு ஒன்பது வருடம் இருக்கும். கற்பிட்டிப் பக்கம் கடலோரத்தில் எங்கள் வீடு. கணவர் கட்டாரில் சாரதி. நான் கரையிலுள்ள கருவாட்டு வாடிக்கு மீன் வெட்டிக் காயப்போடும் வேலைக்குப் போவேன். மகனுக்கு அப்போது நான்கு வயது. பக்கத்தில் கடல், என் கையில் கத்தி. பிள்ளையை எப்படிப் பார்ப்பது? போனைக் கொடுத்து ஓலைக் கொட்டிலுக்குள் உட்கார வைத்துவிடுவேன். அசைய மாட்டான். பிள்ளை வளர்ப்பு இவ்வளவு லேசா என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அவன் விரும்பிப் பார்த்தது ஒரு முயல் கார்ட்டூன். எந்த நாட்டில் செய்ததோ தெரியாது, முயல் பேசுவதெல்லாம் இங்கிலீஸ். தண்ணி, சோறு என்று நாலைந்து சொல்லைத் தவிர மகன் பேசியதும் அந்த முயலின் பாஷைதான். என்னை உம்மா என்று கூப்பிட மாட்டான், மம்மி என்பான். கவலைப்பட்டேனா? இல்லை. தலைகால் தெரியாத பெருமை எனக்கு. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவளுக்கு இப்படியொரு பிள்ளையா என்று பூரித்துப் போவேன். அவன் பேசுவதை வீடியோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போடுவேன். கட்டார், குவைத், லண்டன் என்று எல்லா இடத்திலிருந்தும் சிவப்பு இதயங்கள் வந்து விழும்.

ஒரு வியாழக்கிழமை, காதைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தான். முகத்தைச் சுளித்து இங்கிலீசில் ஏதோ சொன்னான். எனக்கு அந்தக் காட்சி தெரியும். முயல் தன் நீளக் காதைப் பிடித்துக்கொண்டு டொக்டரிடம் போகும் கதை அது. நூறு தடவையாவது பார்த்திருப்பான். அதே முகம், அதே இழுவை. விழுந்து விழுந்து சிரித்தேன். "இன்னொருக்காச் சொல்லுங்க வாப்பா" என்று மகனைச் செல்லம் கொஞ்சி வீடியோவும் எடுத்தேன். திரும்பவும் சொன்னான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. வீடியோவைக் குரூப்பில் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்திருந்த மாமியிடமும் காட்டினேன். "மாஷா அல்லாஹ், அழவும் பழகிட்டானே" என்றார் அவர்.

வெள்ளியும் சொன்னான், சனியும் சொன்னான். ஞாயிறு விடிந்தபோது உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. தலையணையில் சீழ் பட்டிருந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் வைத்தியசாலைக்கு ஓடினேன்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண், சின்ன வயது. எனக்குத் தெரிந்த சிங்களம் சந்தைக்கு மட்டுமே போதும். அவர் மகனிடம் இங்கிலீசில் ஏதோ கேட்டார். என் பிள்ளை பதில் சொல்லத் தொடங்கினான். அந்தக் காய்ச்சலிலும் நிறுத்தாமல் சொன்னான். பெற்றவள் பக்கத்தில் நிற்கிறேன், எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. பிறகு டொக்டர் என் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில் எனக்கு விளங்கப்படுத்தினார்.

"மகன் சொல்றது, காது வலி மம்மிக்கு சொன்னது. மம்மி சிரிச்சது."

அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

காதுச் சவ்வு கிழிந்து கிருமி உள்ளே போயிருந்தது. பல நாள் வார்டில் கிடந்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சத்திரசிகிச்சையும் செய்தார்கள். ஆனாலும் இடது காது பாதிதான் கேட்கிறது. அதன்பின் போனைப் பூட்டி வைத்தேன். இப்போது தமிழ் பேசுகிறான், உம்மா என்கிறான். ஆனால் எங்கே வலித்தாலும் என்னிடம் வந்து சொல்ல மாட்டான். நானாகத் தொட்டுப் பார்த்துத்தான் காய்ச்சலைக் கண்டுபிடிக்க வேண்டும்.

போன வருடம் ஒரு கலியாணத்துக்காகத் தோணியேறி உச்சமுனைக்குப் போனோம். நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த அந்தத் தீவிலும் ஒரு குழந்தைக்கு முன்னால் அதே முயல் ஆடிக்கொண்டிருந்தது. நான் பட்டதை அதன் தாயிடம் சொன்னேன். பாவம் என்று என் மகனின் தலையைத் தடவினாள். பிறகு, "எங்கட மகளும் இங்கிலீஸ்லதான் கதைப்பா" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. நானும் இதே பெருமையில் நின்றவள்தானே.

அந்த வீடியோவை என் போனிலிருந்து அழித்துவிட்டேன். ஆனால் குவைத்திலிருந்தோ லண்டனிலிருந்தோ யாராவது பழைய நினைவென்று திரும்பவும் குரூப்பில் போடுகிறார்கள், இதயங்களும் வருகின்றன. அதில் என் பிள்ளை காது வலிக்கிறது என்று என்னிடம்தான் சொல்கிறான், ஆனால் அவன் குரலுக்கு மேலாகக் கேட்பது நான் சிரிக்கும் சத்தம்தான்.