ஊதலக்காவும் அசையாத எண்ணும்

அந்த எண்ணெய் ஆலையில் அவளுக்கு ஊதலக்கா என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஆலை முழுக்கச் சுவர்களில் தொங்கும் வைஃபை பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஏணி என்றால் பயம், மின்சாரம் என்றால் பயம். ஒரு பெட்டியை அணைத்துப் போட்டால், விளக்கு எரியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இவளை எவன் இந்த வேலைக்கு எடுத்தான் என்று கேட்காத ஆள் கிடையாது. கேட்பவர்களுக்கு என்ன போயிற்று! அவளுக்கு முன்னால் இருந்த சூரப்புலி மூன்றே மாதத்தில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டு போனான். இவள் பதினோரு வருடமாக இருக்கிறாள்.

பெயர் வந்தது கசடுத் தொட்டியால். ஆலைக்குப் பின்னால், தரைக்கு அடியில், ஆள் இறங்க மட்டும் வாய் வைத்த பெரிய தொட்டி. மாதம் ஒருமுறை இரண்டு பேர் இறங்கி அடியில் படிந்ததை வழிப்பார்கள். கிளறக் கிளறக் கெட்ட காற்று கிளம்பும், ஆக்சிஜன் குறையும். அதனால் இருவர் இடுப்பிலும் உள்ளங்கை அகல மீட்டர் ஒன்று இருக்கும். அது வைஃபை வழியாகத் தொட்டி வாசலில் உள்ள பெட்டிக்கு அளவைச் சொல்லும். பெட்டி அதை அலுவலகத் திரைக்கு அனுப்பும். வெளிக்காற்றில் 20.9. பத்தொன்பதரைக்குக் கீழே போனால் அலுவலகச் சுவரிலிருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். தொட்டி வாசலில் சங்கு அலறும்.

ஆட்கள் இறங்குமுன் அவள் ஒவ்வொரு மீட்டரையும் வாயருகே வைத்து ஊதுவாள். நாம் விடும் மூச்சில் ஆக்சிஜன் குறைவு. திரையில் எண் இறங்க வேண்டும். இறங்கியது என்று அலுவலகத்திலிருந்து போனில் சொன்ன பிறகுதான் ஆளை விடுவாள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. அவள் பயம் கண்டுபிடித்தது.

அதிகம் கிண்டலடித்தவன் அவளுடைய கொழுந்தன். "எங்க அண்ணி ஊதிட்டாங்க, இனிமே எமனே வந்தாலும் டோக்கன் வாங்கிட்டு நிக்கணும்" என்பான். நான்கு மாதத்துக்கு முன் அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவள்தான். "தொட்டிக்குள்ள எறங்குற வேலையா? என் புள்ளய அனுப்பமாட்டேன்" என்று மாமியார் ஒற்றைக்காலில் நின்றாள். "நான் பாத்துக்குறேன் அத்தை" என்று சொல்லித்தான் கூட்டி வந்தாள்.

அன்று காலை சரக்கு வண்டி ஒன்று பின்னால் வந்து, தொட்டி வாசல் பெட்டியின் கேபிளை அறுத்துவிட்டது. கேபிள் வர இரண்டு நாள் ஆகும். அதுவரை பெட்டியின் வேலை முறையை மாற்றி வைக்கலாம். அலுவலக சிக்னலை அது காற்றிலேயே பிடித்துக்கொள்ளும். பட்டியலில் அடுத்தடுத்து இரண்டு முறைகள். ரிப்பீட்டர் என்றால் பெட்டி சிக்னலைத் தானும் பிடிக்கும், சுற்றியுள்ள மீட்டர்களுக்கும் கொடுக்கும். கிளையண்ட் என்றால் தான் மட்டும் பிடித்துக்கொள்ளும். காற்றில் யாருக்கும் ஒரு துளி கொடுக்காது. இது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஆனால் சற்று முன்தான் எடைமேடை அறையில் ஒரு பெட்டியைக் கிளையண்ட் முறையில் வைத்துவிட்டு வந்திருந்தாள். தலைக்கு மேல் சூப்பர்வைசர் நின்று, "ஆச்சா? ஆச்சா?" என்று உயிரை வாங்கினார். கை பழக்கதோஷத்தில் கிளையண்டையே தொட்டது. பெட்டி மறுபடி உயிர்பெற்றது. பச்சை விளக்கு எரிந்தது. மீட்டரைக் கையில் எடுத்தாள்.

"ஊதுனது போதும்மா. பச்சை எரியுதுல்ல? மத்தியானத்துக்குள்ள முடிக்கணும்."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். கொழுந்தனும் சிரித்தான். அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. ஒரே ஒரு நாள் பயப்படாத பொம்பளையாக இருந்து பார்ப்போமே என்று மீட்டரை அவன் இடுப்பில் மாட்டிவிட்டு அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

திரையில் 20.9. பக்கத்தில் இன்னொரு 20.9. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம். பரவாயில்லை, நல்ல காற்றுதான் என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். திறந்தவள் குடிக்கவில்லை. கசடைக் கிளறும்போது இந்த எண் ஓரிடத்தில் நிற்காது. கடைசி இலக்கம் எட்டாகும், ஏழாகும், மறுபடி ஒன்பதாகும். இன்று இரண்டு எண்ணும் செத்த மாதிரி நின்றன. அது கடைசியாக வந்த அளவு. காலையில் கேபிள் அறுபடுமுன் வந்தது.

திரையில் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். முறை: கிளையண்ட்.

சிவப்புப் பொத்தான் எட்டிப்பிடிக்கும் தூரத்தில்தான். ஆனால் போன வருடம் அவள் இரண்டு முறை சும்மா பயந்து சங்கை அலறவிட்டிருந்தாள். "இன்னொரு தடவ இப்படிப் பண்ணா, வீட்டுல உக்காந்து அடுப்பு ஊது" என்று சூப்பர்வைசர் எச்சரித்திருந்தார். முறையை மாற்றப் பத்து விநாடி, பெட்டி எழுந்திருக்க இரண்டு நிமிடம். யாருக்கும் தெரியாது. அவள் கை மவுஸுக்குத்தான் போயிற்று. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது! ரிப்பீட்டரைத் தேர்ந்தெடுத்து, சேமி என்பதன் மேல் அம்புக்குறியையும் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

இரண்டு நிமிடம் கீழே எவ்வளவு நேரம் என்று நினைத்தாள். "நான் பாத்துக்குறேன் அத்தை" என்ற தன் குரலே காதில் கேட்டது. எழுந்து பொத்தானை இரண்டு கையாலும் அமுக்கினாள்.

ஓடிப்போனபோது, கூட இறங்கிய தாடிக்காரர் மேலே ஏறி நின்று இருமிக்கொண்டிருந்தார்.

"அவன் எங்கண்ணே?"

"பின்னாலதான் வந்தான்..."

வாசலில் அவன் இல்லை. அவள் தரையில் மண்டியிட்டு உள்ளே தலையை நீட்டி, "தம்பீ! ஏறுடா! ஏறு!" என்று கத்தினாள். மேலே காவலுக்கு நின்றவர் அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தார்; அவளும் சேர்ந்து இழுத்தாள். கைத்தோல் உரிந்தது தெரியவில்லை. கயிறு கனத்தது, மெதுவாக வந்தது. தலை தெரிந்தது. உதடு வெளிறிக் கிடந்தது. ஆனால் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கு அண்ணி அவசரம்? சுகமா தூக்கம் வந்துச்சு. அதான் உக்காந்தேன்" என்றான். சொல்லிவிட்டு வாந்தி எடுத்தான்.

திட்டிக்கொண்டே வந்த சூப்பர்வைசர் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். பிறகு அவள் பெட்டியை ரிப்பீட்டரில் வைத்து, மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினாள். திரையில் 16.4 வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை, ஓய்வு போதும் என்று அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் வீட்டில் மாமியார் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீ இல்லன்னா என் புள்ள இல்லம்மா. சொன்ன மாதிரியே பாத்துக்கிட்ட."

சும்மா இருந்திருந்தால் அந்த வீட்டில் அவளை ஆயுசுக்கும் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். ஆலையிலும் யாரும் தோண்டியிருக்கமாட்டார்கள். அவளுக்கு அந்தக் கை சுட்டது.

"நான்தான் அத்தை தப்பா வெச்சேன். ஊதிப் பாக்காம எறக்கினதும் நான்தான். சூப்பர்வைசர்கிட்டயும் எழுதிக் குடுத்துட்டேன்."

மாமியார் கையை விட்டாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். கொழுந்தன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு கிண்டலாவது அடிக்கமாட்டானா என்று அவள் காத்திருந்தாள். அடிக்கவில்லை.

ஆலையில் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, வேலை தப்பியது. மாமியார் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பேசினாள். அடுத்த மாதம் தொட்டி வழிக்கும் நாளில் கொழுந்தன் வரமாட்டான் என்றே ஊதலக்கா நினைத்தாள். வந்தான். வரிசையில் எல்லோருக்கும் முன்னால் நின்றான். மீட்டரை அவனே கழற்றி அவள் வாயருகே நீட்டினான். அவள் ஊதினாள்.

"பதினேழு. எறங்கிடுச்சு" என்று போனில் சொன்னார்கள்.

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அவன் நீட்டிய கையை எடுக்கவே இல்லை.

"அண்ணி," என்றான். "இன்னொரு தடவ ஊதுங்க."