கல்லறைச் சுவரைத் தொட்டுப் பேசியவர்

லோதி தோட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும், காட்டன் புடவை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. தில்லியின் பழைய கல்லறைகளைப் பற்றித் தமிழில் ரீல்ஸ் போடுகிறவர். பேசத் தொடங்குமுன், காய்ச்சல் பார்ப்பதுபோல் உள்ளங்கையைச் சுவரில் வைப்பார். கல்லூரியில் சரித்திரம் நடத்தும் எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

ஷீஷ் கும்பத் என்ற கல்லறை மண்டபத்தின் முன் நின்று, உள்ளே ஒரு சுல்தான் புதைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். நான் குறுக்கிட்டேன்.

"தப்புங்க. உள்ளே இருக்கறது யாருன்னே தெரியாது."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அச்சா, தெரியாதா? அது இன்னும் நல்லாருக்கே மேடம்."

மறுபடி சுவரில் கையை வைத்தார். "இவ்வளவு பெரிய வீட்டுல தூங்கறது யாருன்னு இன்னிக்கு யாருக்குமே தெரியாது" என்று மெல்லிய குரலில் சொல்லிப் படம்பிடித்தார்.

அன்று மாலை என் மகள் அந்த ரீலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதிய புத்தகத்தைப் பிரித்தே பாராதவள்.

"அது யாரா இருக்கும், அம்மா?" என்றாள்.

அந்தச் செய்தியைக் கொடுத்ததே நான்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் என் வாயில் அது வெறும் திருத்தமாகத்தான் இருந்தது.

"இன்னொரு தடவை போடு" என்றேன்.