ஃபாதர் கிழிக்காமல் வைத்த காகிதங்கள்

ஃபாதர் சவரிநாதன் இன்று காலை போய்விட்டார். மயிலாப்பூரில், ஓய்வுபெற்ற பாதிரியார்கள் தங்கும் குருக்கள் இல்லத்தில், காபி வருவதற்குள்...

நாங்கள் ஒரே காலேஜில் வேலை பார்த்தவர்கள். அவர் வரலாறு, நான் தமிழ். ஸ்டாஃப் ரூமில் ஃபேனுக்கு நேர் கீழே இருந்த நாற்காலி அவருடையது. பாதிரியார் என்பதால் அல்ல. முதலில் வந்துவிடுவார்.

ரிட்டயர் ஆன பிறகு சனிக்கிழமைகளில் அடையாறிலிருந்து அவரைப் பார்க்கப் போவேன். கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாக அவருடைய காகிதங்கள். தான் போவதற்குள் அவற்றைத் தரம் பிரித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு பதற்றம்.

காரணம் இருந்தது. அந்த இல்லத்தில் யார் இறந்தாலும் இரங்கல் குறிப்பு எழுதுபவர் அவர்தான்.

"எத்தனை சிடுமூஞ்சிகளை 'எளிமையானவர், புன்னகை மாறாதவர்'னு எழுதியிருக்கேன் தெரியுமாய்யா? என்னையும் அப்படி எழுதிட்டாங்கன்னா, நான்னு ஒருத்தன் இருந்ததே தெரியாமப் போயிடும்."

ஆகவே பாராட்டு மடல்களைக் கிழித்தார். கண்ணாடிச் சட்டம் போட்டிருந்ததையும் பிரித்து எடுத்துக் கிழித்தார். தன்மேல் வந்த புகார்களை மட்டும் நீவி, ஃபைலில் வைத்தார்.

பெசன்ட் நகர் அம்மாள் ஒருவர் எழுதியது: பிரசங்கம் ஆரம்பித்தவுடன் முடிந்துவிடுகிறது, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்ததற்கு ஒரு நியாயம் வேண்டாமா?

ஹாஸ்டல் மாணவர்கள் பிரின்சிபாலுக்கு எழுதியது: சாம்பார் பற்றி நாங்கள் கொடுத்த மனுவை ஃபாதர் பிழை திருத்தி, மார்க் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பாஸ் மார்க்கூட இல்லை.

இல்லத்துச் சமையல்காரர் மேரி அக்காவுக்கு இது பொறுக்காது.

"இன்னா ஃபாதர், நல்லதா எய்தினத கிழிச்சிப் போட்டுக்கினு கீறீங்க? திட்னத வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?"

"நீயும் ஒரு புகார் குடேன் மேரி."

"எய்திக்கோங்க. தெனிக்கும் மீன் கொயம்புல உப்பு இல்லன்றாரு. உப்பு கீது!"

மேரி அக்கா சொல்லச் சொல்லத் தன் கையாலேயே எழுதி, கையெழுத்தும் வாங்கி, ஃபைலில் சேர்த்தார் ஃபாதர். அன்று முழுக்க நல்ல மூடில் இருந்தார்.

இன்று போனபோது, இல்லத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் ஃபாதர் அந்த ஃபைலோடு நின்றிருந்தார். "சார், இதுல எல்லாமே கம்ப்ளெயிண்ட்டா இருக்கு. நோட்டீஸ்ல என்னதான் போடறது? 'எளிமையானவர்'னு போட்டுடட்டுமா?"

"போடாதீங்க. கோபக்காரர்னு போடுங்க."

"இல்லத்தை நடத்துற பெரிய ஃபாதர் ஒத்துக்க மாட்டாரே சார்..."

நோட்டீஸில் என்ன அச்சாகும் என்று தெரியவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். ஃபாதர் சவரிநாதன் எளிமையானவர் அல்ல. கோபக்காரர். பிரசங்கத்தைச் சுருக்கமாக முடிப்பார். மனுவுக்கு மார்க் போடுவார்.

கிளம்பும்போது மேரி அக்கா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நான் குட்த்தேனே ஒரு பேப்பரு... அத்த கிழிச்சிட சொல்லு சார். உப்பு கம்மியாதான் போட்டேன். பிரஷருன்னு டாக்டரு சொன்னாரு. அவருகிட்ட சொன்னா சாப்பிட மாட்டாரு..."

கிழிக்கச் சொல்லவில்லை. ஃபைலில்தான் இருக்கிறது.

போய் வாருங்கள் ஃபாதர். குழம்பில் உப்பு குறைவாகத்தான் இருந்ததாம்.