மாலை விழுந்த கழுத்து

எனக்குத் தேர்தலில் சீட்டு கிடைத்தது என் திறமையால் அல்ல. அருப்புக்கோட்டையில் எங்கள் கட்சியின் இரண்டு பெரிய மனிதர்கள் அதற்காக அடித்துக்கொண்டார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் கவிழ்த்துவிடுவார். யாருக்கும் தொந்தரவில்லாத ஆளைத் தேடியபோது, இருபது வருஷமாக ஆரத்தித் தட்டோடு நின்ற நான் கண்ணில் பட்டேன். எங்கள் கட்சியில் இந்தப் பக்கத்துப் பொம்பளை யாரும் அதற்குமுன் சட்டசபைக்கு நின்றதில்லை. நான் ஜெயிப்பேன் என்று யாரும் பயப்படவும் இல்லை.

ஜெயித்துத் தொலைத்தேன்.

வாழ்த்த வந்தவர்கள் மாலையை என் வீட்டுக்காரருக்குப் போட்டார்கள். அவர் பஞ்சு வியாபாரி. அரசியல் தெரியாது, கழுத்து இருந்தது, போதாதா?

திருச்சுழியில் முதல் ஆய்வுக் கூட்டம். நடு நாற்காலி அவருக்கு. எனக்கு ஓரத்தில் ஒன்று, கூடவே ஒரு டீ.

பாசன அதிகாரி எழுந்து அவரிடம் சொன்னார்: "சார், பரளச்சி தாண்டி இருக்கற கண்மாய்ல மடையச் சரி பண்ணியாச்சு."

"நல்லது, நல்லது" என்றார் இவர், பெருந்தன்மையாக.

அது நான் பிறந்த ஊர்க் கண்மாய். "எந்த மடை? தெக்கயா, வடக்கயா?" என்று கேட்டேன்.

அதிகாரி இவரைப் பார்த்தே பதில் சொன்னார்: "ரெண்டும்தான் சார்."

"அப்பச் சரி. வண்டிய எடுங்க, பாத்துட்டு வந்துருவோம்" என்றேன்.

போனோம். தெற்கு மடையில் பலகையே இல்லை. சாக்கையும் வைக்கோலையும் திணித்திருந்தார்கள்; தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்து, "போன வருசமும் போட்டோ எடுத்துட்டுத்தான் போனாக" என்றார்.

"மேடம்..." என்றார் அதிகாரி. அன்றைக்கு முதல்முறையாக நான் அவர் கண்ணுக்குத் தெரிந்தேன். "ஒரு வாரத்துல முடிச்சிருவோம்."

"எட்டாம் நாள் நானே வாரேன்."

போனேன். புது இரும்புப் பலகை நின்றது. அதற்குள் என் வீட்டுக்காரர் தெளிந்துவிட்டார்: "இனிமே என்னைக் கூப்புடாத. நீ கேக்கற கேள்விக்கெல்லாம் அவுக என்னைய மொறைக்கிறாக."

அடுத்த தேர்தலில் சீட்டு இல்லை. மாநில மகளிர் அணியில் 'ஆலோசகர்' ஆக்கினார்கள். இதுவரை யாரும் ஆலோசனை கேட்டுத் தொந்தரவு செய்ததில்லை.

போன வாரம் எம்.ரெட்டியபட்டியிலிருந்து மூன்று பெண்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள். காலை பஸ்ஸு அவர்கள் நிறுத்தத்தில் நிற்பதில்லையாம்.

"நான் இப்ப எம்.எல்.ஏ. இல்லையேம்மா."

"தெரியும். அதுக்கென்ன? டிப்போ வரைக்கும் கூட வாங்க."

சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.