எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னது

தெருவில் அவருக்கு ‘எச்சரிக்கை’ என்று பெயர். திரையரங்கில் விளக்கணைந்து படம் தொடங்கும் முன், “மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்கும்” என்று ஒரு கனத்த குரல் வருமே, அது அவருடையது. குரல் கொடுப்பதுதான் தொழில். ரயில் தாமதமானதற்கு வருத்தம் தெரிவிப்பதும், தொலைபேசியில் காத்திருக்கச் சொல்வதும், லிஃப்டில் “கதவு மூடப்படுகிறது” என்பதும் அவரேதான். ஆனால் பெயராக ஒட்டிக்கொண்டது என்னவோ அந்த ஒரு வாக்கியம்.

ஒட்டியதற்குக் காரணம் உண்டு. அவர் குடிப்பார். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும், வீட்டு பால்கனியில், மனைவியின் தம்பியோடு. அவன் லிஃப்ட் மெக்கானிக். பாட்டிலைத் திறந்ததும் கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக நிற்பான்.

“மாமா, மந்திரத்தைச் சொல்லுங்க. சொல்லாம ஆரம்பிச்சா தொண்டையில இறங்க மாட்டேங்குது.”

அவரும் செருமிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து அந்த வாக்கியத்தை எடுத்துவிடுவார். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு குடிப்பார்கள்.

“பகல் பூரா லிஃப்டுக்குள்ள உங்க குரல், சாயங்காலம் நேர்ல நீங்க. எங்கக்கா எப்படித்தான் தாங்குறாளோ!”

“லிஃப்டுலயாவது நிறுத்த பட்டன் இருக்குடா, இங்க எங்க இருக்கு?” என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

அந்த வாக்கியத்தைப் பதிவு செய்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். முதல் தடவை சொன்னதும் ஒலிப்பதிவாளர் வேண்டாமென்று தலையசைத்தார்.

“அண்ணே, யாரோ ஒருத்தர் கையைப் பிடிச்சுச் சொல்ற மாதிரி இருக்கு. எல்லாருக்கும் பொதுவா சொல்லுங்க.”

இரண்டாவது தடவை பொதுவாகச் சொன்னார். அதுதான் நிலைத்தது. பொதுவாகச் சொல்லப்படுவதில் ஒரு வசதி இருக்கிறது. கேட்பவன் அதைப் பக்கத்து இருக்கைக்குத் தள்ளிவிடலாம். சொல்பவனும் தனக்கில்லை என்று எழுந்து போய்விடலாம். பொய்யென்று யாரும் அதை மறுப்பதில்லை. மறுத்திருந்தாலாவது ஒரு பேச்சு நடந்திருக்கும்.

மைத்துனனுக்குச் சனிக்கிழமை போதவில்லை என்பது மெல்ல மெல்லத் தெரியவந்தது. முதலில் காலையிலேயே, வாடையை மறைக்கப் போட்ட பாக்கு வாயில் மணந்தது. பிறகு கண் மஞ்சளாயிற்று. ஒருநாள் வேலையிடத்தில், பழுதான லிஃப்டின் கூரைமேல் நின்றபடியே ரத்தமாக வாந்தியெடுத்தான். கூட இருந்தவர்கள் இடுப்பு வாரைப் பிடித்திழுத்ததால் குழிக்குள் விழாமல் தப்பினான். ஈரல் கெட்டுவிட்டது, இனிமேல் ஒரு வாய் குடித்தாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார் மருத்துவர்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மனைவி அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் சொன்னா அக்கா அழுவுறான்னு விட்டுடுவான். டாக்டர்கிட்ட சரி சரின்னு தலையாட்டுவான். நீங்க சொல்லுங்க.”

“நான் என்னத்தச் சொல்றது?”

“ஊருக்கெல்லாம் சொன்னீங்களே, அவன்கிட்ட ஒரு தடவை சொல்லுங்க.”

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். அதனால்தான் அவருக்குச் சுருக்கென்றது.

வார்டில் ஆறு கட்டில்கள். குடியின் கேட்டை விளக்கும் படம் சுவரில் தொங்கியது. அதன் ஆணியிலேயே யாரோ ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்ததால் ஈரலில் பாதி தெரியவில்லை. மைத்துனன் கன்னம் ஒட்டிக் கிடந்தான்.

“வாங்க மாமா. லிஃப்டுலயா வந்தீங்க? உங்களுக்கு நீங்களே கதவு திறந்துக்கிட்டீங்களா?”

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். “மாப்ளே, இந்த மது…”

உருண்டு திரண்டு வந்தது அந்தக் குரல். பக்கத்துக் கட்டில்காரர் முழங்கையை ஊன்றி எழுந்தார். “அட! தியேட்டர்ல வர்றவருல்ல நீங்க?” வார்டே சிரித்தது. மைத்துனனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்ததில் வலி வந்து முகம் சுருங்கியது.

அவர் வாயை மூடிக்கொண்டார். இத்தனை வருடங்களில் குரலை இழைத்து இழைத்து வழவழப்பாக்கி வைத்திருந்தார். அதைத் தவிர வேறொன்று தம்மிடம் இருக்கிறதா என்பதே அவருக்குத் தெரியவில்லை. மைத்துனனின் கையை எடுத்து வைத்துக்கொண்டார். இரும்பு வடத்தை முறுக்கி இறுக்கும் கை. இப்போது அவர் விரல்களுக்குள் எடையே இல்லாமல் கிடந்தது.

“எனக்குப் பயமா இருக்குடா.”

ஒல்லியான, விரிசல் விட்ட குரல். நடுவில் ஓரிடத்தில் காற்று மட்டுமே வந்தது.

“நீ செத்துப் போயிடுவியோன்னு பயமா இருக்கு. குடிக்காதடா. இனிமே நானும் தொடமாட்டேன்.”

பக்கத்துக் கட்டில்காரர் மெதுவாக மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மைத்துனன் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான்.

“இது யாரு குரல் மாமா? நான் கேட்டதே இல்லையே.”

“என்னோடதுதான்.”

“தியேட்டர்லயும் இப்படிச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன். வேணாம்னுட்டாங்க.”

வீடு திரும்பியபின் முதல் சனிக்கிழமை அவன் வந்தான். பால்கனியில் அதே இரண்டு நாற்காலிகள். நடுவில் இருந்த சிறிய மேசையை அவர் முன்பே உள்ளே கொண்டுபோய் வைத்திருந்தார்.

“கையை எங்க வெச்சுக்கிறதுன்னே தெரியல மாமா.”

“எனக்கும்தான்.”

கீழே தெருவில் போன தையல்காரர் அண்ணாந்து பார்த்தார். “என்ன எச்சரிக்கை, இன்னைக்கு மந்திரம் இல்லையா?”

“இல்ல” என்றார். தையல்காரர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, மைத்துனனின் முகத்தைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்.

மனைவி இரண்டு மூன்று முறை பால்கனி வாசல்வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். இது எத்தனை வாரம் தாங்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. மைத்துனனின் தெருமுனையிலேயே மதுக்கடை இருந்தது. ஊருக்குச் சொன்னதை ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துவிட முடிந்தது. இவனிடம் அப்படி முடியாது, இப்படியே பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும் புரிந்தது.

இருட்டத் தொடங்கியதும் மைத்துனன் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு படியருகே தயங்கினான்.

“நாளைக்கும் வரட்டுமா மாமா? நாளைக்கு ஞாயித்துக்கிழமைதான்… இருந்தாலும்.”

“வா” என்றார். அந்த ஒல்லிக் குரலில்தான் வந்தது.