டேங்க் ஓட்டையாம்

நான்கு நாட்களாக என் பைக்கில் பெட்ரோல் வாடை. தினமும் அதில்தான் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். இன்று காலை எஞ்சின் மேல் ஈரத்தைப் பார்த்ததும் பயந்துபோய், அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, போன வாரம் சர்வீஸுக்கு விட்ட பாகூர் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன்.

பெட்ரோல் ஒழுகுகிறது என்று சொன்னேன். மெக்கானிக் நாற்காலியை விட்டு எழவில்லை.

“டேங்க் ஓட்ட. மாத்தணும்.”

“பாக்காமயே எப்டிண்ணா சொல்றீங்க?”

“உனுக்கு இன்னா தெரியும்? வூட்ல ஆம்பள யாராச்சும் இருந்தா அனுப்பு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே கிடந்த துணியால் டேங்கின் அடியையும் பெட்ரோல் டியூபையும் ஈரமில்லாமல் துடைத்தேன். பெட்ரோல் டேப்பைத் திறந்துவிட்டு, குனிந்தபடி காத்திருந்தேன்.

டேங்க் காய்ந்தே இருந்தது. டியூப் கார்புரேட்டரில் சேரும் இடத்தில் ஒரு சொட்டு திரண்டு எஞ்சின் மேல் விழுந்தது. டியூபைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப்பைக் காணோம்.

“போன வாரம் கார்புரேட்டர கழட்டனது நீங்கதான? கிளிப் எங்க?”

அவர் உட்கார்ந்தபடியே ஸ்பேர் டப்பாவைக் கிட்டே இழுத்தார்.

“சூடான எஞ்சின் மேல சொட்டுது. பின்னால எம் பொண்ணு உக்காந்து வந்துருக்கு. பத்திக்கிட்டிருந்தா?”

“அதான் ஒண்ணும் ஆவலியேம்மா.”

டப்பாவில் துழாவி ஒரு கிளிப்பை நீட்டினார். நானே மாட்டினேன். மறுபடி துடைத்துப் பார்த்தேன், சொட்டவில்லை.

கிளம்பும்போது, “எதுக்கும் டேங்க மாத்திடு” என்கிறார்.

பாகூர், வில்லியனூர் பக்கம் எழுந்து வந்து வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் யாராவது இருந்தால் சொல்லுங்கள். உட்கார்ந்தபடியே சொல்பவர் எனக்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.