ஓடக்காரிக்காக ஒரு மொட்டை

எங்கள் பாவா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர், கடவுள் இல்லை என்கிற கட்சி. அக்காவைக் கட்டிக்கொண்ட நாள் முதலாகத் திருத்தணி மலையில் அவர் கால் வைத்ததில்லை. பிள்ளைகள் இரண்டுக்கும் மொட்டையடித்துக் காது குத்தியபோது தாய்மாமன் என்று மடியில் வைத்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தவன் நான். பெற்ற அப்பன் அடிவாரத்து டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டால், "நீ மேல சாமியப் பாரு மச்சான், நான் கீழ செருப்பப் பார்த்துக்கிறேன்" என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் போன மாதம் மொட்டை போட்டுக்கொண்டார். அதுவும் யாருக்காக? இந்த உலகத்தில் பிறக்கவே பிறக்காத ஒருத்திக்காக. சிரிக்கத் தோன்றினால் சிரித்துக்கொள்ளுங்கள், நானும் முதலில் சிரித்தவன்தான்.

நான் திருத்தணி பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சென்னையில் வேலை பார்த்தபோது கூட இருந்தவர்களிடம் ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினேன். அதில் ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும். "எதிரே காடு, பாதை இரண்டாகப் பிரிகிறது, என்ன செய்கிறாய்?" என்று நான் கேட்பேன். அவர்கள் அந்த ஆளாகவே பேசி, அந்த ஆளாகவே முடிவெடுப்பார்கள். ஆபத்தான காரியமென்றால் இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் காரியம் பலித்தது, சின்ன எண் விழுந்தால் போச்சு. ஜெயிக்கிறது தோற்கிறது எதுவும் கிடையாது. கதை மட்டும் மாதக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும்.

பகடையை முதலில் பார்த்த அக்கா, "இன்னாடா இது, எலந்தக் கொட்டை மாதிரி" என்றாள். ஆனால் விளையாட வந்தவள் அவள்தான். பாவா வந்தார். அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்க்கும் என் கூட்டாளி ஒருவன், லீவு போட்டுவிட்டு வந்தான். இடம், அம்மையார்குப்பத்தில் பாவாவின் விசைத்தறிக் கொட்டகை. நாள், அமாவாசை. அன்றுதான் எல்லாத் தறிகளுக்கும் ஓய்வு. மற்ற நாட்களில் அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே காதில் விழாது. காலையில் அக்கா தறிகளுக்குப் பொட்டு வைத்துச் சாம்பிராணி காட்டுவாள். "இது தொழிலாளிங்களுக்கு லீவு நாளு, அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டே பாவா வடையை எடுத்துத் தின்பார். சாப்பாடு முடிந்ததும் தறிகளுக்கு நடுவே பாய் விரித்து உட்காருவோம்.

உன் ஆள் யார் என்று முதல் நாள் ஒவ்வொருவரையும் கேட்டேன். ரயில்வேக்காரன், "நான் ஒரு ராட்சசன், கோட்டை வாசல்ல காவல் நிக்கிறவன், எவன் வந்தாலும் எங்கேர்ந்து வர்ற, எங்க போறன்னு கேப்பேன்" என்றான். பத்து வருஷ டிக்கெட் பரிசோதனைப் பழக்கம் போகுமா? பாவா கண்ணை மூடிக்கொண்டு, "நான் ஒரு பண்டாரம், பழுத்த பக்திமான்" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாள்:

"நான் ஓடக்காரி. ரொம்பப் பெரிய ஆறு. எனக்கு ஒரு கைதான்."

"ஏன்க்கா ஒரு கை?"

"இன்னொண்ண ஆறு எடுத்துக்கிச்சு. அதனால அதுக்கு எம்மேல கொஞ்சம் மரியாதை."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் பக்கத்து ஆற்றில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும். அக்கா ஓடத்தில் ஏறியவளே இல்லை. கதை எழுதியவளோ, படிக்கிறவளோ கூட இல்லை. ஒரு கைப் பொம்பளை ஒருத்தி அந்தக் கொட்டகைக்குள் எந்த வழியாக வந்து நின்றாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வந்தவள் எங்கள் எல்லோரையும் ஆட்டிவைத்தாள். எதிரி ராஜாவின் தூதன் வந்து மிரட்டிவிட்டுப் போக வேண்டும் என்று நான் மாதக்கணக்கில் திட்டம் போட்டு வைத்திருந்தேன். வந்தான், மிரட்டினான். "மத்தியான வேளைல வந்துக்கினு சண்டை போடறான் பாரு, மொதல்ல சாப்புடச் சொல்லு" என்றாள் ஓடக்காரி. ராட்சசன் இலை போட்டான். பண்டாரம் சாப்பாட்டுக்கு முன்னால் உருகி உருகி ஒரு பாட்டு பாடினார். உப்புத் தின்றவன் எப்படிக் கத்தி எடுப்பான்? தூதன் இவர்கள் பக்கமே சேர்ந்துவிட்டான். என் யுத்தம் சாம்பாரில் கரைந்து போனது. உலகத்தில் வேறு யார் விளையாடியிருந்தாலும் அவனை வெட்டியிருப்பார்கள், இந்த மூன்று பேரும் அவனுக்கு இரண்டாம் தடவை ரசம் ஊற்றினார்கள்! எனக்கு வந்த கோபத்தில் பகடையைத் தூக்கி நூல்மூட்டைமேல் எறிந்தேன்.

ஓடக்காரி பேசுவதைக் கேட்கவே அமாவாசை எப்போது வரும் என்று இருக்கும். "கரை ரெண்டு. எனக்கு ரெண்டும் சொந்த ஊரு இல்ல" என்றாள் ஒரு நாள். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்க்காரியின் வாயில் அதைக் கேட்டதும் ராட்சசன்கூட விசாரணையை நிறுத்திவிட்டான். பாவாவோ பண்டாரமாகக் கும்பிடும்போது நிஜமாகவே கண் கலங்குவார். அவர் கும்பிட்டது நாங்கள் கதைக்காகக் கட்டிய ஒரு சாமி. அந்தச் சாமிக்குக் கோயிலும் கிடையாது, பெயரும் கிடையாது. விளையாட்டு முடிந்ததும் எழுந்து துண்டை உதறிக்கொண்டு, "சாமியாவது பூதமாவது" என்று போய்விடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த அமாவாசை வந்தது. கதையில் வெள்ளம். ஆற்றடியில் காலங்காலமாகத் தூங்கிய பூதம் விழித்துவிட்டது. ஊர் ஜனங்களை ஓடக்காரி தவணை தவணையாக அக்கரை சேர்த்தாள். கடைசித் தவணையில் ஓடம் பிளந்தது. எல்லோரும் கரைக்குத் தாவிவிட்டார்கள். அவள் தாவவில்லை. "நான் இதுலயே நின்னா இந்த ஓடம் முழுகிடும். நான் தண்ணில எறங்கிப் புடிச்சிக்கினா கொழந்தைங்க ரெண்டும் கரை ஏறிடும்" என்று அக்கா நிதானமாகச் சொன்னாள். ஓடத்தில் குழந்தைகள் இரண்டு மிச்சம் இருந்ததை நானே மறந்திருந்தேன்.

நான் கறாரான ஆள். என்னிடம் சலுகை நடக்காது. "குழந்தைகள் கரை ஏறிட்டாங்க. பூதம் உன் காலப் புடிச்சிடுச்சு. இருபது விழுந்தா உயிர். வேற எது விழுந்தாலும் ஓடக்காரி கதை முடிஞ்சுது" என்றேன். ரயில்வேக்காரன் வாயைப் பொத்திக்கொண்டான். அக்கா உருட்டினாள். அந்த நொடியில் பாவா துள்ளி எழுந்தார். இரண்டு கையையும் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்:

"முருகா! அவள மட்டும் காப்பாத்திடு, உன் மலைக்கு வந்து மொட்டை போட்டுக்கிறேன்!"

அது பண்டாரத்தின் குரல் இல்லை. கதையில் நாங்கள் கட்டிய சாமியும் இல்லை. பாவா தன் சொந்தக் குரலில், திருத்தணி மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

பகடை பாயைத் தாண்டி ஓடித் தறிக்கு அடியில் போய்விட்டது. ரயில்வேக்காரன் குப்புறப் படுத்துச் செல்போன் லைட் அடித்தான். பஞ்சுத்தூசுக்கு நடுவில் கிடந்தது. யாரும் தொடாதீர்கள் என்று நான் கத்தினேன். நான்கு பேரும் தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தோம். இருபது.

நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து என்ன ஏது என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்லீங்க, தப்பிச்சிட்டா" என்றான் ரயில்வேக்காரன். யார் என்று கேட்டார்கள். அவன் தறிக்கு அடியில் கையைக் காட்டினான். நான் பாவாவைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அக்காவைப் பார்த்தேன். அவள் தரையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"எனக்கு ஆபரேஷன் நடந்தப்போ எங்க அம்மா இன்னா கேட்டாங்க?" என்றாள்.

எனக்கும் தெரிந்த கதைதான். சில வருஷங்களுக்கு முன்னால் அக்காவுக்கு இதயத்தில் ஆபரேஷன். பிழைப்பாளா என்று சொல்ல முடியாது என்றார்கள். எங்கள் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் பாவாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாயால ஒரு வார்த்தை வேண்டிக்கோங்க மாப்ளே, போதும்" என்று கெஞ்சினாள். "கத்தி டாக்டர் கைல இருக்குது, சாமி கைல இல்ல" என்று பாவா கையை விடுவித்துக்கொண்டார். அக்கா பிழைத்து வந்தாள். ஒரு நாளும் அதைப் பற்றி அவள் பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டோம்.

"கட்டின பொண்டாட்டிக்கு வாய் வரல. இல்லாத ஒருத்திக்கு முருகன் வந்துட்டாரா?" என்றாள். அக்கா எழுந்து புடவையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டாள். "டேய், ஓடக்காரி ஆத்தோட போயிட்டான்னு வெச்சிக்கோ. நான் இனிமே வரல" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஒரு மாதமும் வீட்டில் பேச்சு கிடையாது. தறி ஓடுகிற சத்தம் ஒன்றுதான். நான் பாவாவைச் சமாதானம் செய்யப் போனேன். ரயில்வேக்காரன் தனக்குத் தெரிந்த யோசனையைச் சொன்னான்: "கதைலதானே வேண்டிக்கினீங்க, பண்டாரத்துக்கு மொட்டை அடிச்சிடலாம் பாவா. ஒரு வரி சொன்னா முடிஞ்சுது."

பாவா அவனைச் சுட்டெரிக்கிற மாதிரி பார்த்தார். "ஆளு கற்பனை. சொன்ன சொல்லு நெஜம்டா. சாமி இல்லைன்றவன் வாக்குத் தவறலாமா? அப்புறம் என்கிட்ட இன்னா மிச்சம்?"

அடுத்த அமாவாசை வந்தது. தறிகள் நின்றன. பாயை விரிக்க யாருக்கும் மனம் வரவில்லை. அக்கா இலை போட்டுப் பரிமாறிவிட்டு உள்ளே திரும்பினாள். பாவா சோற்றில் கை வைக்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"உனக்கு முடியாதப்போ எனக்கு வேலை இருந்துச்சு. ரத்தம் குடுத்தேன். தறிய வித்தேன். டாக்டரு எங்க போனாலும் பின்னாடியே ஓடிக்கினு இருந்தேன். ஓடக்காரிக்கு நான் இன்னா பண்றது? அவளுக்கு ஏத்த ரத்தம் இல்ல, ஆஸ்பத்திரி இல்ல. நம்ம நாலு பேர வுட்டா அவளுக்கு யாருமே இல்ல. பகடை உருளுது, கையில ஒண்ணும் இல்ல எனக்கு. ஒண்ணுமே இல்லாதவன் வேற எங்க போவான்? உங்க அம்மா கைல அன்னிக்கு ஒண்ணுமே இல்ல. அதனாலதான் அப்படிக் கெஞ்சினாங்க. எனக்கு அது இப்பதான் தெரிஞ்சுது. நீயும் அவளும் எனக்கு வேற வேற ஆளு இல்ல, அதுவும் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

பாவா எத்தனையோ கட்சி மேடைகளில் பேசி நான் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. இருபது முகக் கட்டை ஒன்று ஒரு மனுஷனை எங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது என்று நினைத்து நினைத்து மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அக்கா வாசற்படியில் கரண்டியோடு நின்றிருந்தாள்.

"சோறு ஆறுது, சாப்புடுங்க" என்றாள்.

அந்த வாரமே செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் பாவா கிளம்பினார். நான் ஆட்டோ கொண்டுவந்தேன், ரயில்வேக்காரனும் வந்திருந்தான். அக்காவை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற தைரியம் யாருக்கும் இல்லை. ஆட்டோ நகரும்போது அவளாகவே வந்து பாவா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடிவாரத்தில், "செருப்ப நான் பார்த்துக்கிறேன், நீங்க போங்க பாவா" என்று ரயில்வேக்காரன் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டான். பாவா படியேறினார். புதுசாக ஸ்கூலில் சேர்ந்த பிள்ளை மாதிரி ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு வந்தார். சந்தனம் பூசிய மொட்டைகள், அரோகராச் சத்தம், கைக்குழந்தைகள், காவடி. ஒவ்வொரு தலைக்குப் பின்னாலும் கையில் ஒன்றும் இல்லாமல் நின்ற யாரோ ஒருவர். வருஷா வருஷம் நானும் அந்தப் படியேறுகிறேன், அன்றுதான் அப்படிப் பார்க்கத் தோன்றியது.

மொட்டையடிக்கும் இடத்தில் பாவா சட்டையைக் கழற்றினார். அக்கா அதை வாங்கிக்கொண்டாள். நாவிதர் வயசானவர், கை வேலை செய்யும்போது வாய் பேசிக்கொண்டே இருக்கிற ஆள். தலையில் தண்ணீரைத் தெளித்து அழுந்தத் தேய்த்தார்.

"யாருக்குங்க வேண்டுதல்?"

பாவா குனிந்தபடியே, "ஓடம் ஓட்டுற ஒருத்தங்களுக்கு" என்றார்.

"தண்ணில மாட்டிக்கினாங்களா? பொழைச்சிக்கினாங்களா?"

பாவாவின் தோள் குலுங்கியது. நாவிதர் கத்தியைப் பிடித்தபடி காத்திருந்தார். நான் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்தில் அக்காவின் குரல் கேட்டது.

"ஆங், பொழைச்சிக்கினேங்க."

நாவிதர் நிமிர்ந்து அக்காவை ஒரு தடவை பார்த்தார். அவள் இரண்டு கையாலும் பாவாவின் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அப்போ இன்னும் கொஞ்சம் குனிங்க சார்" என்று அவர் பாவாவின் தலையில் கத்தியை வைத்தார்.